ஒருவர் படுத்துவிட்டால் மற்றவரால் கரை சேர முடியுமா?

கேள்வி: நானும் என் கணவரும் எங்கள் 33 அடிப் பாய்மரப் படகில் கரையோரமாக 340 கடல் மைல் போக இருக்கிறோம். விடுப்பு 14 நாள். கணவர் பயணத்தை 9 கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு அட்டவணை தயாரித்துவிட்டார். முதல் கட்டம் 22 மைல். மிக நீளமானது ஐந்தாவது, 78 மைல். அந்தக் கட்டத்தில்தான் ஒரு பெரிய முனையைச் சுற்ற வேண்டும். ஏழாவது நிறுத்தம் ஓர் ஆற்று முகத்துவாரத்துக்குள் இருக்கும் துறைமுகம். அவருக்கு எட்டு வருட அனுபவம், எனக்கு இரண்டு வருடம். சுக்கான் பிடிப்பேன், பாய் இழுப்பேன். ஆனால் படகைத் தனியாகத் துறைமுகத்துக்குள் கொண்டுபோனதில்லை. குமட்டலும் வரும். "நீ கூட வந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார், ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அட்டவணையை இணைத்திருக்கிறேன். இதில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அட்டவணையை இரண்டு முறை படித்தேன். உங்கள் கணவர் உழைத்துத்தான் போட்டிருக்கிறார். தூரங்கள் சரியாக இருக்கின்றன, துறைமுகங்களின் ஆழம் குறித்திருக்கிறார், எரிபொருள் எங்கே கிடைக்கும் என்றுகூடப் பார்த்து வைத்திருக்கிறார். குறை அங்கெல்லாம் இல்லை. நீங்கள் சரியாகவே உணர்ந்திருக்கிறீர்கள், அந்த "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வார்த்தையில்தான் சிக்கல்.

இருபது வருடத்துக்கும் மேலாகப் பிறருடைய படகுகளை ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கொண்டுசேர்க்கும் வேலை செய்கிறேன். தம்பதிகளுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். அதிலிருந்து நான் உறுதியாக நம்பும் ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு பேர் போகும் படகு பெரும்பாலான நேரம் ஒருவர் ஓட்டும் படகுதான். ஒருவர் தூங்கும்போது, சமைக்கும்போது, குமட்டலில் சுருண்டு கிடக்கும்போது, இயந்திரத்தின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும்போது, மேலே இருப்பவர் ஒரே ஆள். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக ஒரு கேள்வியை எழுதிவையுங்கள்: பாதி வழியில் ஒருவர் படுத்துவிட்டால், மற்றவர் தனியாகப் படகை ஒரு பாதுகாப்பான இடத்தில் சேர்க்க முடியுமா? அவர் படுத்தால் உங்களால் முடியுமா, நீங்கள் படுத்தால் அவரால் முடியுமா, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். "முடியும்" என்ற பதில் இரண்டுக்கும் வராத கட்டம் இன்னும் தயாராகவில்லை. அதைச் சுருக்குங்கள், அல்லது நேரத்தை மாற்றுங்கள், அல்லது இல்லாத திறமையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

இதை நான் கடலில்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் நானும் என் மனைவியும் 60 மைல் கட்டம் ஒன்றில் இருந்தோம். மதியத்துக்கு மேல் காற்று கூடியது. படகு ஆடிய ஆட்டத்தில் எரிபொருள் தொட்டியின் அடியில் இருந்த கசடு கிளம்பி வடிகட்டியை அடைத்துக்கொண்டது. இயந்திரம் நின்றது. நான் கீழே இறங்கி வடிகட்டியை மாற்றினேன். டீசல் நாற்றமும் ஆட்டமும் சேர்ந்து என்னைப் படுக்கவைத்துவிட்டன. ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மேலே என் மனைவி இருந்தார். பாயைக் குறைக்க எந்தக் கயிற்றை எந்த வரிசையில் விட வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. எப்போதும் நானே செய்துவிடுவேன். முழுப் பாயோடு, சுக்கானோடு மல்லுக்கட்டிக்கொண்டு அவர் அந்த நான்கு மணி நேரத்தைக் கடந்தார். கரை சேர்ந்தோம். ஆனால் அன்று அவர் முகத்தில் பார்த்த பயத்துக்கு நான்தான் பொறுப்பு. அதிலிருந்து எங்கள் படகில் எந்த வேலையையும் ஒருவர் மட்டுமே தெரிந்துவைத்திருப்பதில்லை.

சரி, உங்கள் அட்டவணைக்கு வருவோம். முதலில் வேகம். கணவர் எல்லாக் கட்டத்துக்கும் 6 நாட் என்று கணக்கிட்டிருக்கிறார். ஒரு நாட் என்பது மணிக்கு 1,852 மீட்டர். உங்கள் அளவுப் படகு நல்ல காற்றில் 6 ஓடும், 7-ஐக்கூடத் தொடும். ஆனால் நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் 5 வருவதே நல்ல நாள். திட்டத்தை 5 நாட்டில் போடுங்கள். பக்கத்திலேயே 4 நாட்டுக்கும் 6 நாட்டுக்கும் கணக்குப் போட்டு மூன்று வருகை நேரங்களையும் எழுதுங்கள். ஒரே ஒரு நேரத்தை எழுதினால் மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்றை எழுதினால், இருட்டிய பின் சேரும் வாய்ப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்ததுமே தெரியும்.

இன்னொன்று, காற்று எதிரே வந்தால் அந்தத் தூரமே மாறிவிடும். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது, வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பமும் 90 பாகையாக அமைந்தாலே 40 மைல் ஏறக்குறைய 57 மைலாகும். உங்களைப் போலச் சாமான் ஏற்றிய பயணப் படகு அலையில் பக்கவாட்டில் சறுக்குவதையும் சேர்த்தால் 100, 110 பாகைதான் கிடைக்கும். அப்போது அது 62 முதல் 70 மைல். எட்டு மணி நேரப் பயணம் பன்னிரண்டரை முதல் பதினான்கு மணி நேரமாகிவிடும். அட்டவணையில் மூன்றாம் கட்டம் சரியாக 40 மைல். முன்னறிவிப்பில் எதிர்காற்று என்றால் அன்று கிளம்பாதீர்கள். கரையோரப் பயணத்தில் இருக்கும் பெரிய வசதி, காற்று திரும்பும்வரை ஒரு துறைமுகத்தில் இருந்துகொள்ளலாம் என்பதுதான். அந்த வசதியைத் தேதிக்கு விற்றுவிடாதீர்கள்.

தேதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணவர் முதல் ஒன்பது நாளில் ஒன்பது கட்டம், கடைசி ஐந்து நாள் போய்ச் சேர்ந்த ஊரில் ஓய்வு என்று வைத்திருக்கிறார். ஓய்வு நாட்கள் கடைசியில் இருந்தால் வானிலைக்கு அவை பயன்படாது. மூன்று நாளில் ஒரு நாளை வானிலையோ களைப்போ பழுதோ எடுத்துக்கொள்ளும் என்பது நான் எனக்காக வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 14 நாளில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்பது பயண நாட்கள். ஒன்பது கட்டமும் அதில் இம்மி பிசகாமல் அடங்குகிறது, மிச்சம் ஒன்றும் இல்லை. அதனால் ஏழு கட்டத்தைப் பயணமாக வைத்துக்கொண்டு, மீதி இரண்டை "முடிந்தால்" என்று எழுதுங்கள். அத்தோடு, வழியில் படகைச் சில வாரம் பத்திரமாக விட்டுவிட்டுத் தரைவழியாக வீடு திரும்பக்கூடிய துறைமுகங்கள் எவை என்று இப்போதே விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். படகு அங்கே நிற்கலாம் என்று தெரிந்தாலே "திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும்" என்ற அவசரம் படகை விட்டு இறங்கிவிடும். நான் பார்த்த மோசமான முடிவுகளில் பெரும்பாலானவை கடலைப் பற்றிய அறியாமையால் வந்தவை அல்ல. எங்கோ யாருக்கோ ஒரு தேதி வாக்குக் கொடுத்திருந்ததால் வந்தவை.

இப்போது அந்த 78 மைல். கணவர் காலை 5 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குச் சேர்வதாகப் போட்டிருக்கிறார். 6 நாட்டில் அது சரி. 5 நாட்டில் இரவு எட்டரை ஆகிவிடும், 4 நாட்டில் நள்ளிரவு பன்னிரண்டரை. அதாவது, நாள் முழுக்க வெயிலிலும் ஆட்டத்திலும் சோர்ந்த பிறகு, இதுவரை பார்த்திராத ஒரு துறைமுகத்துக்குள் இருட்டில் நுழைகிறீர்கள். நகரத்து விளக்குகளுக்கு நடுவே துறைமுக விளக்கைத் தேடிப்பிடிப்பது பழகியவர்களுக்கே சிரமம்.

இதையே மாலை 6 மணிக்குக் கிளம்பினால் எப்படி வருகிறது பாருங்கள். வெளிச்சத்திலேயே துறைமுகத்தை விட்டு வெளியேறிவிடலாம். 6 நாட்டில் காலை 7 மணிக்குச் சேர்வீர்கள், 5 நாட்டில் ஒன்பதரை, 4 நாட்டில் பகல் ஒன்றரை. மூன்றும் பகல். நீளக் கட்டத்துக்கு இரவை நடுவில் வைப்பதுதான் எல்லாரும் கையாளும் முறை. ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அங்கேயும் தயங்குகிறேன். காரணம் சொல்கிறேன்.

பெருங்கடலைக் கடப்பவர்களுக்கு முதல் இரவுதான் கடினம். மூன்றாம் நாளுக்குள் உடம்பு பழகிவிடும், குமட்டல் அடங்கும், கிடைத்த மூன்று மணி நேரத்தில் தூக்கம் வந்துவிடும். கரையோரமாகக் கட்டம் கட்டமாகப் போகிறவர்களுக்கு அந்த மூன்றாம் நாள் வருவதே இல்லை. ஒவ்வொரு இரவும் முதல் இரவுதான். அதுவும் கரைக்குப் பக்கத்தில், மீன்பிடிப் படகுகளும் வலைகளும் மிதவைகளும் கப்பல்களும் நிறைந்த நீரில். கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டு சர்வதேச விதிகளில் ஐந்தாவது விதி, எந்த நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் இருக்க வேண்டும் என்கிறது. பத்து மீட்டர் படகுக்கும் அது பொருந்தும். கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோ அலையில் அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. அந்தக் கருவியே இல்லாத சிறு படகு எதுவும் அந்தத் திரையில் தெரியாது.

அதனால் என் யோசனை இதுதான். அட்டவணைப்படி அந்த 78 மைலுக்கு நடுவில், புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 35 மைலில், தென்மேற்குக் காற்றுக்கு மறைவான ஒரு விரிகுடா இருக்கிறது. கணவர் அதை "அவசரத்துக்கு" என்று சிறிய எழுத்தில் குறித்திருக்கிறார். அதையே ஒரு நிறுத்தமாக்குங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டிய 78 மைல், 35-உம் 43-உமாக இரண்டு பகல் கட்டமாகிறது. நங்கூரத்தில் ஓர் இரவு. சங்கிலி என்றால் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, கயிறும் கலந்தது என்றால் ஏழு மடங்கு விடுங்கள். ஆழத்தை ஓதம் (கடல்நீர் ஏறி வற்றுவது) முழுதும் ஏறிய நிலைக்குக் கணக்கிடுங்கள், நீர்மட்டத்துக்கு மேல் இருக்கும் படகின் முகப்பு உயரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். காற்று வடக்கே திரும்பும் என்று முன்னறிவிப்பு சொன்னால் மட்டும் அந்த விரிகுடா ஆகாது, அன்று முந்தைய துறைமுகத்திலேயே இருந்துவிடுங்கள்.

இது ஒரு கட்டத்தைக் கூட்டுகிறதே என்று தோன்றும். கூட்டட்டும். கடைசி இரண்டு கட்டம் "முடிந்தால்" என்றுதானே இருக்கிறது.

முனையைப் பற்றி. நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தைச் சுற்றும் காற்று அந்த இடத்தில் நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். நீரோட்டமும் அப்படியே. இரண்டும் எதிரெதிராக வந்தால் அலைகள் குட்டையாகி, செங்குத்தாகி, ஒன்றன்மேல் ஒன்று விழும். பக்கத்து விரிகுடாவில் சுகமாக இருக்கும் காற்றே முனையில் தாங்க முடியாததாகிவிடும். எனவே அந்த 43 மைலை விடியும் முன்பே தொடங்குங்கள். கடற்காற்று பொதுவாக முற்பகலில் எழுந்து, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், பொழுது சாயும்போது தணியும். அதிகாலையில் கடல் இருப்பதிலேயே சாந்தமாக இருக்கும். விரிகுடாவிலிருந்து முனைக்கு 12 மைல். காலை 5 மணிக்குக் கிளம்பினால் எட்டுக்குள் முனையைத் தாண்டிவிடலாம். நீரோட்டம் உங்களோடு சேர்ந்து ஓடும் நாளாகவோ நின்று திரும்பும் நேரமாகவோ பாருங்கள். முனையை ஒட்டிப் போய் மைலை மிச்சப்படுத்த வேண்டாம், நன்றாக விலகிப் போங்கள்.

முன்னறிவிப்பைப் படிப்பதில் இரண்டு விஷயம். அதில் சொல்லும் காற்று வேகம் சராசரி, வீச்சுகள் அதைவிட 40 சதவீதம் வரை கூடலாம். காற்றின் அழுத்தமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 15 நாட் காற்று 20 ஆனால் பாயின் மேல் விழும் சுமை ஏறக்குறைய 1.8 மடங்கு. அதேபோல் அலை உயரம் என்று சொல்வது, அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. எப்போதாவது ஒரு அலை அதைப் போல இரு மடங்கை நெருங்கும். "ஒன்றரை மீட்டர்தானே" என்று கிளம்பும் நாளில் மூன்று மீட்டர் அலை ஒன்றையும் சந்திக்கத் தயாராக இருக்க வேண்டும். காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 4 வரை, அதாவது 16 நாட் வரை, உங்கள் இருவருக்கும் நல்ல காற்று. 5 என்றால், பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வந்தால் மட்டும், முதல் ரீஃபை, அதாவது பாயை ஒரு படி சுருக்கிக் கட்டுவதை, துறைமுகத்திலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். 6 என்றால் கிளம்ப வேண்டாம். இன்னும் சில பருவம் கடந்த பிறகு இந்த எல்லையை நீங்களே நகர்த்திக்கொள்ளலாம்.

அடுத்து அந்த ஆற்று முகத்துவாரம். உங்கள் அட்டவணையில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான், 78 மைல்கூட அல்ல. ஆறு கொண்டுவரும் மணல் வாயிலில் திட்டாகப் படிந்திருக்கும். கடலிலிருந்து வரும் நீண்ட அலை அந்த ஆழமில்லாத இடத்தில் எழும்பும். ஓதம் வற்றும்போது ஆற்று நீரும் சேர்ந்து வெளியே பாய்ந்தால் அந்த அலை உடைந்து விழும். ஒரு மணி நேரம் முன்பு சாதாரணமாக இருந்த வாயில் மூடிவிடும். அதைவிட ஆபத்து, கடல் பக்கமிருந்து பார்க்கும்போது அலைகளின் முதுகுதான் தெரியும், உடையும் முகம் தெரியாது. உண்மையில் இருப்பதைவிட வாயில் அமைதியாகத் தோன்றும்.

எனவே அங்கே நுழைய வேண்டியது ஓதம் ஏறி முடியும் தறுவாயில். கணவர் குறித்த நாளில் பிற்பகல் 3 மணிக்கு உச்சம். ஏழாவது கட்டம் 41 மைல். காலை 5 மணிக்குக் கிளம்பினால் 5 நாட்டில் ஒன்றேகாலுக்கு வாயிலில் இருப்பீர்கள், நல்ல நேரம். 6 நாட்டில் பன்னிரண்டுக்குள் வந்துவிடுவீர்கள், வெளியே கொஞ்சம் காத்திருக்கலாம். 4 நாட்டில் மூன்றேகால், அப்போது உச்சம் தாண்டிவிட்டிருக்கும். ஆக, முற்பகலிலேயே வேகம் 5-க்குக் கீழே விழுந்தால் இயந்திரத்தைப் போட்டுவிடுங்கள். சீக்கிரம் வந்தவருக்குக் காத்திருக்க வழி உண்டு, தாமதமாக வந்தவருக்கு இல்லை.

தேதி போட்ட அட்டவணை உடைவதும் இங்கேதான். ஓத நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வானிலையால் நீங்கள் மூன்று நாள் தாமதமானால் 3 மணி உச்சம் ஐந்தரைக்குப் போய்விடும், அந்தியில் நுழைய வேண்டியிருக்கும். ஆகவே இந்தக் கட்டத்தில் தேதியை அடித்துவிட்டு நிபந்தனைகளை எழுதுங்கள்: ஓத உச்சம் நண்பகலுக்கும் 4 மணிக்கும் இடையில், கடலிலிருந்து வரும் நீள அலை ஒரு மீட்டருக்குள். அலையின் உயரத்தோடு அதன் கால இடைவெளியையும் பாருங்கள். 12, 14 விநாடி இடைவெளியில் வருவது எங்கோ தூரத்துப் புயல் அனுப்பியது. உங்கள் இடத்தில் காற்றே இல்லாவிட்டாலும் அது மணல்திட்டில் உயர்ந்து எழும்.

நிபந்தனை பொருந்திக் கிளம்பிவிட்டீர்கள், வாயிலுக்கு வந்து பார்த்தால் வெள்ளையாக நுரைக்கிறது. என்ன செய்வீர்கள்? அடுத்த துறைமுகம் இன்னும் 35 மைல். மொத்தம் 76, இரவு உறுதி. அந்த முடிவை அங்கே அலையில் ஆடிக்கொண்டு எடுக்கக் கூடாது. முந்தைய நாளே பேசிவைத்துவிடுங்கள்: வாயில் மூடியிருந்தால் கரையை விட்டு விலகி, பாயைக் குறைத்துக்கொண்டு, மெதுவாக ஓட்டி அடுத்த துறைமுகத்துக்குக் காலையில் போய்ச் சேர்வோம் என்று. அதற்கான உணவு, கம்பளி, காவல் முறை எல்லாம் அன்று காலையே தயாராக இருக்கட்டும். தயாராக இல்லை என்று தோன்றினால் இந்த முகத்துவாரத்தை இந்த ஆண்டு விட்டுவிடலாம். நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

எதிர்பாராத இரவு இப்படி வரலாம் என்பதால் காவல் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருவர். காவல் மாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பே குரல் கொடுங்கள், தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு இருட்டில் கண்ணும் மூளையும் தெளிய அவகாசம் வேண்டும். இரவில் படகை ஓட்டும் இடமான காக்பிட்டை விட்டு முன்னே போக வேண்டுமானால் மற்றவரை எழுப்பிய பிறகுதான். எழுப்பச் சங்கடப்பட வேண்டாம், எழுப்பியதற்குக் கோபப்படவும் வேண்டாம். தனியாக மேலே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இடுப்புக் கயிறு படகோடு மாட்டியிருக்க வேண்டும். 5 நாட்டில் ஓடும் படகு ஒரே நிமிடத்தில் 150 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. அலைக்கு நடுவே ஒரு தலையை அத்தனை தூரத்திலிருந்து கண்டுபிடிப்பது மிகக் கடினம். கீழே தூங்குபவருக்கு அது தெரியவே தெரியாது.

விழுந்தவரைப் படகுக்குள் ஏற்றுவது தனிக் கதை. நனைந்த உடையோடு இருக்கும் ஆளை ஒருவர் கையால் தூக்க முடியாது. பாய் ஏற்றும் கயிற்றை அவருடைய உயிர்காப்பு அங்கியின் வளையத்தில் மாட்டி, கயிறு சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சால் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். இதைத் துறைமுகத்துக்குள், அமைதியான நீரில், ஒருமுறை நிஜமாகவே செய்து பாருங்கள். அவர் தண்ணீரில் இறங்கட்டும், நீங்கள் ஏற்றுங்கள். முதல் முயற்சியில் முடியாது. எங்கே தடைபடுகிறது என்று அன்றே தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

இனி உங்கள் குமட்டலுக்கு. மாத்திரையோ காதுக்குப் பின் ஒட்டும் பட்டையோ, மருத்துவரைக் கேட்டு, முதலில் கரையில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள், சிலருக்கு மிகவும் தூக்கம் வரும். புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு அதிகப் பயனில்லை. சுக்கானைப் பிடித்துக்கொண்டு தொடுவானத்தைப் பார்ப்பது பலருக்கும் உதவுகிறது. "சும்மா உட்கார்ந்து வா" என்பது குமட்டல் வருபவருக்குச் சரியான வேலையே இல்லை. ஓட்டுவதை நீங்கள் எடுத்துக்கொண்டு, கீழே போய்ச் செய்யும் வேலைகளை அவருக்குக் கொடுங்கள்.

மின்னணு வரைபடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கணவர் பாதையைத் திரையில் கோடாகப் போட்டிருக்கிறார். அந்தக் கோட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை, வரைபடத்தை முழுதாகப் பெரிதாக்கி, இருவரும் சேர்ந்து நகர்த்திப் பாருங்கள். 2014 நவம்பர் 29 அன்று, உலகம் சுற்றும் வால்வோ ஓஷன் ரேஸ் பந்தயத்தில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு, இந்தியப் பெருங்கடலில் கார்கடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் இரவில் முழு வேகத்தில் ஏறியது. வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் அந்தத் திட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. படகில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் தொழில்முறைக் கடலோடிகள், ஒருவர் செய்தியாளர்; நல்லவேளையாக எல்லாரும் உயிர் தப்பினார்கள். இரண்டாவது சோடிக் கண் என்பது அவ்வளவு பெரிய விஷயம். உங்கள் இரண்டு வருட அனுபவம் இதற்குத் தாராளமாகப் போதும்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1999-இல் கப்பல்களுக்கு வகுத்த பயணத் திட்ட வழிகாட்டுதலில் நான்கு படிகள் உண்டு: மதிப்பிடுதல், திட்டமிடுதல், செயல்படுத்துதல், கண்காணித்தல். நம்மில் பலர் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறோம். கண்காணித்தலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருமுறை இடத்தை நோட்டில் எழுதி, முன்கூட்டிப் போட்ட மூன்று நேரங்களோடு ஒப்பிட்டு, எந்த வரிசையில் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். 4 நாட் வரிசைக்கு விழுந்துவிட்டால் எந்த மறைவிடத்துக்குத் திரும்புவது என்பதும் அந்த நோட்டிலேயே எழுதியிருக்கட்டும். கரையில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் பாதையைக் கொடுத்து, எந்த மணிக்குள் நம்மிடமிருந்து தகவல் வராவிட்டால் கடலோர மீட்புப் படையை அழைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தை 4 நாட் கணக்கிலிருந்து எடுங்கள், வீண் பதற்றம் வராது.

கிளம்பும் முன் உங்களுக்கு நான் தரும் வேலை நான்கு. தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட் கருவியின் உதவியோடு பாயைத் தனியாகக் குறைப்பது, இயந்திரத்தை இயக்கி நிறுத்துவது, விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் அலைவரிசையில் படகின் பெயர், இடம், நிலைமை சொல்லி உதவி கேட்கும் முறை, படகைத் தனியாகக் கொண்டுபோய்க் கட்டுவது. ஆபத்து அழைப்பு அனுப்பும் ரேடியோவின் சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது, மூடியைத் திறந்து எப்படி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதைக் கைக்குப் பழக்குங்கள், நிஜத்தில் அழுத்தாமல். கட்டுவதற்கு மூன்று நான்கு வார இறுதிகள் வேண்டும். அந்த நேரத்தில் கணவர் படகில் இருக்கட்டும், ஆனால் வாயும் கையும் அசையக் கூடாது. அவருக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும்.

அவருக்கும் ஒரு வார்த்தை, இதை அவரிடம் படித்துக்காட்டுங்கள். நீங்கள் நல்ல கடலோடி, அட்டவணையைப் பார்த்தாலே தெரிகிறது. மனைவியைச் சுமையில்லாமல் கூட்டிப்போக வேண்டும் என்று நினைக்கிறீர்கள். ஆனால் நீங்கள் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டால், அவர் கையில் ஒரு படகையும் ஒரு நோயாளியையும் கொடுத்து, எதையும் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். அவருக்குக் கற்றுக்கொடுப்பது உங்களுக்கான பாதுகாப்பும்தான்.

அப்புறம், கிளம்பலாமா வேண்டாமா என்று தினமும் காலையில் பேசும்போது, இருவரில் ஒருவர் வேண்டாம் என்றால் அன்று பயணம் இல்லை. காரணம் கேட்கலாம், வாதாடக் கூடாது. கிளம்பிய பிறகு திரும்பலாம் என்று ஒருவர் சொன்னாலும் அப்படியே. இதைக் கரையில் இருக்கும்போதே ஒப்புக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம் 22 மைல்தான், தெரிந்த கடல், பகல் பயணம். அதை நீங்கள் நடத்துங்கள். முன்னறிவிப்பைப் படிப்பதிலிருந்து போய்ச் சேர்ந்து கயிறு கட்டுவதுவரை எல்லா முடிவும் உங்களுடையது, அவர் நீங்கள் கேட்டதை மட்டும் செய்யும் ஆள். மாலையில் இருவருமாக அந்த நோட்டை எடுத்து, எங்கே தடுமாறினீர்கள் என்று எழுதுங்கள். இரண்டாம் கட்டத்தின் நேரத்தை அதைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் போதும்.